பன்னிரண்டு தலைகளும் ஓர் அக்காவும்

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழுப்பெயரும் தெரியும், அவருடைய பாஸ்போர்ட் படம் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதும் தெரியும். ஆனால் தன் நாற்காலியில் உட்கார்ந்த யாருடைய பெயரையும் அவர் இன்னொருவரிடம் சொன்னதில்லை. அவரைப் பற்றி எழுதும்போது நான் மட்டும் போட்டு உடைத்தால் நன்றாக இருக்காது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டில், ஒரு காய்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய பார்லர். கீழே கொத்தமல்லி வாசனை, மேலே ஹேர் ஸ்ப்ரே வாசனை. நடுப்படியில் இரண்டும் கலந்து எனக்குத் தவறாமல் தும்மல் வரும். கல்யாணப் பெண்களுக்கு ஜடை அலங்காரம் செய்வதில் அவருக்கு நல்ல பெயர். பேச்சிலும் பெயர்தான். சீப்பைக் கையில் எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். உட்லண்ட்ஸில் அவருடைய அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் நின்றுபோனது, நாத்தனார் ஜோகூரில் வாங்கிய சோபா வாசலுக்குள் நுழையாதது, பஸ்ஸில் வடை சாப்பிட்டவரை டிரைவர் கண்ணாடி வழியாக முறைத்தது என்று ஒன்றையும் விட மாட்டார்.

அத்தனை பேச்சிலும் தலைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. எந்த மணப்பெண்ணுக்குப் பேன் இருந்தது, யாருக்கு இருபத்தைந்து வயதில் நரை, யார் ஜடையில் முக்கால்வாசி சவுரி என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் அல்ப ஆசைகள் உண்டு.

"என் நாற்காலில வந்து ஒக்காந்து கண்ண மூடிக்கிறாங்க," என்றார். "நான் வெளிய போய் ஒண்ணு சொன்னேன்னு வையி, நாளைக்கு யாரு வந்து கண்ண மூடுவா?"

நான் அந்தப் படிகளை முதன்முதலில் ஏறியது ரக்பிக்காக. அப்போது நாட்டின் பெண்கள் அணியில் இருந்தேன். பகலில் சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை, மாலையில் பயிற்சி. நாங்கள் ஆடியது ஏழு பேர் ஆட்டம். மொத்தம் பதினான்கே நிமிடம், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் வரும், அதனால் அணியில் பன்னிரண்டு பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்ற வேண்டும், அதற்கு டிரை என்று பெயர். ஓடுகிறவளைக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம். முடியைப் பிடித்து இழுக்கக்கூடாது. ஆனால் நீட்டிய கையில் சட்டையும் முடியும் சேர்ந்தே மாட்டினால் நடுவர் என்ன செய்வார், பாவம். எனக்கு இடுப்பு வரை முடி. வெட்டினால் அம்மா ஒரு வாரம் பேச மாட்டார் என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கே வெட்ட மனசில்லை.

"அக்கா, பத்துப் பேரு புடிச்சு இழுத்தாலும் அவிழாத மாதிரி பின்னல் போட முடியுமா?" என்று கேட்டேன்.

அக்கா சீப்பைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும்மா இழுக்கறது? மாமியாரா?" என்றார்.

"இல்லக்கா. போன வாரம் தாய்லாந்து. அடுத்த மாசம் ஜப்பான்."

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. கைப்பேசியில் ஓர் ஆட்டத்தைக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். கடைசியில், "வீட்டுல சோறு போடுறாங்கதான?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஹேர்பின் கூடாது, கிளிப் கூடாது, ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் நகம் முதல் தலை வரை தடவிப் பார்ப்பார் என்று நான் சொன்னது அவருக்குச் சாவுச் செய்தி மாதிரி இருந்தது. ஹேர்பின் இல்லாமல் அவர் தன் தலையைக்கூட முடிந்ததில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்தார். கனமான கல்யாண ஜடையை நழுவாமல் நிறுத்தத் தைப்பார்களே, அதே தையல். மண்டையோடு ஒட்ட இரண்டு பின்னல் போட்டு, நுனியை உள்ளே மடித்து, நூலால் தைத்துவிட்டார். முடித்ததும் பின்னால் போய் நின்று, ஒரு காலை நாற்காலியில் முட்டுக்கொடுத்து, பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். எனக்குக் கூரை உத்தரம் தெரிந்தது.

"நிக்குது," என்றார் திருப்தியாக.

அடுத்த பயிற்சியில் என் தலையை முதலில் பார்த்தவள் எங்கள் கேப்டன் ஹுய் மின். இரண்டே வாரத்தில் மொத்த அணியும் அந்தப் படியேறித் தும்மியது. அக்கா பன்னிரண்டு சீப்பு வாங்கி, ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் பெயர் எழுதி வைத்தார். அந்த வருடத்துப் போட்டித் தொடர் தொடங்கியபோது அணி உதவியாளர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அக்கா அதில் ஏறிக்கொண்டார். கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைப் பார்லரிலும் கழற்றவில்லை. அந்தச் சமயத்துக் கல்யாணப் படங்கள் சிலவற்றில் மணப்பெண்ணுக்குப் பின்னால் அந்த அட்டையின் சிவப்புப் பட்டை தெரியும். முதல் பயணத்தில் குடிநுழைவு அதிகாரி என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டதற்கு "ரக்பி" என்றார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். அக்கா கொஞ்சமும் அசராமல், "டிஃபென்ஸ்," என்றார்.

மூன்று ஊர்களில் மூன்று சுற்று. கடைசி இடத்தில் முடிகிற அணி அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். கோப்பையெல்லாம் எங்கள் கனவிலேயே இல்லை. இறங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தோம். அக்கா வாசலில் நின்று, வரிசையாக ஒவ்வொரு தலையாகப் பார்த்து உள்ளே விட்டார். பன்னிரண்டாவது தலை வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுகூட அவிழல லா," என்றார். "எவ்ளோ இழுத்தாங்க, பாத்தேன்ல. ஒண்ணுகூட அவிழல."

அழுதுகொண்டிருந்த ஹுய் மின்னுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டு கணக்கு. ஆட்டத்தில் தோற்றால், பின்னலில் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்வோம். பின்னலில் நாங்கள் அந்த வருடம் தோற்கவே இல்லை.

தலையைத் தொட்டாலே அவருக்கு எல்லாம் தெரியும். தூங்காதவள் யார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் யார் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது சுற்றுக்குப் போன ஊரில், ஹோட்டலை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று கோச் கட்டளை போட்டிருந்தார். ஹுய் மின்னும் நானும் பின்கதவு வழியாகப் போய்ச் சுட்ட கணவாய் மீன் தின்றுவிட்டு வந்தோம். மறுநாள் காலை அக்கா என் முடியைப் பிரித்தவுடன் மூக்கைச் சுளித்தார். கரிப்புகை. எங்கள் இருவர் தலையிலும் மட்டும் அரை பாட்டில் ஸ்ப்ரேயைக் காலி செய்தார்.

கோச் நியூஸிலாந்துக்காரர். ஆறடி உயரம், அளந்து பேசுவார். யாரோ இரண்டு பேர் வெளியே போயிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அக்கா தன் ஆங்கிலத்தில் நாத்தனாரின் சோபாவைத் தொடங்கினார். சோபா வாசலில் சிக்கி, கதவைக் கழற்றி, பக்கத்து வீட்டுக்காரர் ரம்பம் கொண்டுவந்து, நாற்பது நிமிடம் கழித்து ஒரு கால் வெட்டப்பட்ட சோபா வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. கோச் வெளியே வந்தபோது கண்கள் சொருகியிருந்தன.

"அவங்க எதையாவது மறைக்கும்போது இப்படிப் பேசுவாங்களா?" என்று ஹுய் மின்னிடம் கேட்டார்.

"அவங்க எப்பவுமே இப்படித்தான், கோச்," என்றாள் அவள், மிக மரியாதையாக.

இன்னொன்றும் அதே சுற்றில் நடந்தது. இதை ஹுய் மின்னே பிறகு சொன்னாள், எழுதிக்கொள் என்றும் சொல்லியிருக்கிறாள். கேப்டன் பொறுப்பும் தோல்விகளும் சேர்ந்து அவளுக்கு வலது காதுக்கு மேலே ஐம்பது காசு அகலத்துக்கு முடி கொட்டிவிட்டது. அவளுக்கே தெரியாது. அக்காவின் விரல்தான் முதலில் கண்டது. அன்றைக்கு அக்கா எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே நேர்வகிடு கெடையாது. இப்ப ஃபேஷன் எல்லாப் பின்னலும் வலப்பக்கம் சாஞ்சு போறதுதான்," என்று அறிவித்தார். எந்த ஊர் ஃபேஷன் என்று கேட்டேன். "போட்டா அழகா இருக்கும், வாய மூடு," என்றார். பன்னிரண்டு பேருக்கும் வலப்பக்கம் சாய்த்துப் பின்னினார், அந்த இடம் மறைந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், கடைசிச் சுற்றில் எதிரணி ஒன்றில் இரண்டு பெண்கள் அதேபோல் வலப்பக்கம் சாய்த்துப் பின்னிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிச் சுற்று எங்கள் ஊரிலேயே நடந்தது. அந்த வருடத்தோடு ஆடுவதை நிறுத்திக்கொள்வதாக நான் வீட்டில் சொல்லியிருந்தேன். வயது முப்பதை நெருங்கிவிட்டது, ஆபீஸிலும் இனி லீவு தர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை ஓர் ஆட்டத்துக்கும் வராத அப்பா, புக்கிட் மேராவிலிருந்து குடையும் மடிப்பு விசிறியுமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை ஆட்டத்தில் ஜெயித்தோம். மதியம் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் மேலேயே இருப்போம், தோற்றால் இறங்குவோம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு ரக்பி கிடையாது என்பதால், அந்தப் பதினான்கு நிமிடத்தை விடுவதற்கு நான் தயாராக இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலை ஆட்டத்தில் எங்கோ என் தலையில் அடிபட்டிருந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம். வெளிச்சம் வழக்கத்தைவிடக் கூசியது. வெளியே சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் தண்ணீர் குடித்தேன், சிரித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஓர் ஆட்டம் முடிந்தால் பின்னல்களைப் பிரித்து மறுபடி போடுவது வழக்கம். கூடாரத்தில் அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் உடனே சீப்பை எடுக்கவில்லை.

"தல வலிக்குதா?" என்றார்.

"இல்லக்கா."

நூலைக் கோத்தார். "தல வலிக்கலயே?"

"இல்லங்கறேன்ல."

பழைய தையலைப் பிரித்தார். முகத்துக்கு நேரே குனிந்து, "வலிக்குதாம்மா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"என்னக்கா இன்னிக்கு, டாக்டர் மாதிரி. சீக்கிரம் போடுங்க."

வலது பின்னலைப் போட்டு முடித்தார். இடது பக்கம் வந்து வகிடு எடுத்தபோது அவர் விரல் அந்த இடத்தில் நின்றது. அழுத்தவில்லை. வைத்து எடுத்துவிட்டார். பிறகு, போட்டு முடித்த வலது பின்னலின் நூலை வெட்டி, அதையும் பிரித்துவிட்டார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"நான் போடல."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்கா. இன்னிக்கு ஒரு நாள்தான். அப்பா வந்திருக்காரு."

"நான் எப்ப சொல்லியிருக்கேன்?"

"அப்பப் போடுங்க."

"மாட்டேன்," என்றார். அடுத்தவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பின்னத் தொடங்கினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் முடியை நானே அள்ளிக் குதிரைவால் போட்டேன். ரப்பர் பேண்ட் இரண்டு முறை கைதவறி விழுந்தது. குனிந்து எடுத்தபோது தரை லேசாகச் சாய்ந்தது. புல்தரை, மேடுபள்ளம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோச் வந்தார். பேச வாயெடுத்தவர், நின்று கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஏன் இவ்ளோ அமைதியா இருக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. அக்கா பேசவில்லை. கையில் சீப்பு இருக்கிறது, எதிரே ஒரு தலை இருக்கிறது, அக்காவின் வாய் மூடியிருக்கிறது. அந்த வருடம் முழுவதும் அப்படி ஒரு நிமிடம் வந்ததில்லை. கோச் வரிசையாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னல், பின்னல், பின்னல், குதிரைவால்.

"உனக்கு மட்டும் ஏன் போடல?"

"டைம் இல்ல, கோச்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நிமிரவே இல்லை. கோச், அணியில் காயங்களைக் கவனிக்கும் பிசியோவைக் கூப்பிட்டார்.

தலையில் அடிபட்டவர்களிடம் கேட்க வழக்கமான கேள்விகள் சில உண்டு. பிசியோ என் எதிரே முழங்காலிட்டுக் கேட்டார். இப்ப எந்த மைதானத்துல இருக்கோம்? சொன்னேன். காலையில யாரோட ஆடினோம்? சொன்னேன். ஜெயிச்சோமா? ஜெயித்தோம். நான் கோச்சைக் கொஞ்சம் திமிராகவே பார்த்தேன்.

"கடைசியா டிரை போட்டது யாரு?"

"ஹுய் மின்," என்றேன்.

பிசியோவின் பேனா நின்றது. ஹுய் மின் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். குனிந்து என் தோளில் கை வைத்து, "நீதான்டி," என்றாள். அவள் தமிழில் அதற்குமுன் பேசிக் கேட்டதில்லை. அந்த 'டி' எல்லாம் அக்காவிடம் கற்றது.

மதிய ஆட்டத்தைக் காதுக்குப் பின்னால் ஐஸ் பையோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு டிரையில் தோற்றோம். அப்பா, நான் ஆடாத அந்த ஆட்டம் முழுவதும் குடையை மடக்காமல் நின்றுகொண்டே இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. கீழ்ப்பிரிவில் உதவியாளருக்கெல்லாம் விமான டிக்கெட் கிடையாது, அதனால் அக்காவின் அட்டையும் அத்தோடு சரி. அவர் அன்று என்னிடம் வந்து பேச முயன்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு மாதம் டாக்டர் சொன்னபடி படுத்துக் கிடந்தேன். தலைவலி குறையக் குறையக் கோபம் கூடியது. நான் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தோற்றவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் மேலும் கோபம் வந்திருக்கும். ஒரு சனிக்கிழமை, அக்காவை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். கேட்க வேண்டியதை ரயிலில் மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். 'உங்களாலதான் தோத்தோம்' முதல் வரி. அடுத்த வரி சரியாக அமையவில்லை. கைப்பேசியை எடுத்தேன். என்னுடைய டிரையின் வீடியோவை ஹுய் மின் என்றைக்கோ அனுப்பியிருந்தாள். எனக்கு நினைவில்லாத ஒன்றைப் பார்க்கப் பயந்து, அதுவரை திறக்காமல் வைத்திருந்தேன்.

திறந்தேன். நான் ஓரமாக ஓடுகிறேன். ஒருத்தி காலைப் பிடிக்கிறாள். விழுந்துகொண்டே கையை நீட்டிப் பந்தை ஊன்றுகிறேன். இன்னொருத்தியின் முழங்கால் என் காதுக்குப் பின்னால் படுகிறது, கண்ணிமைக்கும் நேரம்தான், நடுவருக்கும் தெரிந்திருக்காது. எழுகிறேன். எல்லோரும் என்மேல் ஏறிக் குதிக்கிறார்கள், கோச் உட்பட. படத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, ஒரே ஓர் ஆள் மட்டும் கைதட்டவில்லை. கழுத்தில் அட்டையோடு நிற்கிறார். தன் இடது காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் தலையையே பார்க்கிறார்.

இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து, படியேறி, தும்மிவிட்டு உள்ளே போனேன். கூட்டம் இல்லை. அக்கா நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"என்னாலதான் தோத்தீங்கன்னு சொல்ல வந்திருக்க," என்றார். "சொல்லிக்க. எனக்கும் தூக்கம் வரலதான்."

"இல்லக்கா," என்றேன். "வீடியோ பாத்தேன். அடி படும்போதே நீங்க பாத்துட்டீங்க. தெரிஞ்சுதான் மூணு வாட்டி கேட்டீங்க. நான் மூணு வாட்டியும் பொய் சொன்னேன்."

"எந்த வீடியோ?" என்றார் அக்கா. சீப்பை எடுத்தார். "அத விடு. கீழ காய்கறிக் கடையில ஒரு கூத்து நடந்துச்சு, கேளு. முருங்கைக்காய் கொண்டாந்த லாரி இருக்குல்ல…"

லாரி பின்னால் வந்து கடையின் பெயர்ப்பலகையில் இடித்தது. கடைக்காரர் ஏணி கேட்டார். ஏணிக்குச் சொந்தக்காரர் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா எங்கேயும் மூச்சுவிடாமல், எனக்குப் பதில் சொல்ல ஓர் இடைவெளிகூடத் தராமல் சொல்லிக்கொண்டே போனார். காதுக்குப் பின்னால் வரும்போது மட்டும் சீப்பை வைத்துவிட்டு விரலால் சிக்கெடுத்தார். நான் அன்று அங்கே எவ்வளவு நேரம் அழுதேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், எதிரிலேயே கண்ணாடி இருந்தது. ஆனால் அது இன்றுவரை ஹுய் மின்னுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நானாக இங்கே சொன்னால்தான் உண்டு.